மலை வீட்டுக்குக் கம்ப்யூட்டர் கேபினட்: சூடு, சத்தம், செலவு மூன்றையும் பார்த்து வாங்கும் முறை

"அண்ணா, கேபினட் வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து மாட்டிக் கொடுங்க." கோத்தகிரியில் எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும். போய்ப் பார்த்தால் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே கலர் கலராக மூன்று ஃபேன். கிராபிக்ஸ் கார்டு மட்டும் ஒரு விரல் அளவு இடம் போதாமல் வெளியே நிற்கும்.

கேபினட்டைக் கடைசியில் வாங்க வேண்டும். கடையில் அதுதான் கண்ணைப் பறிப்பதால் எல்லாரும் முதலில் வாங்கிவிடுகிறார்கள். அப்புறம், கேபினட் பற்றி நமக்குக் கிடைக்கும் யோசனைகளெல்லாம் சென்னை, கோவை வெயிலை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் சூட்டுக்கு முன்னால் இரண்டு தலைவலிகள் நிற்கின்றன: ஒன்று சத்தம், மற்றொன்று ஈரம். அந்தக் கணக்கை வைத்தே கீழே உள்ள வரிசையை எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வேண்டிய விடையைத் தரும்.

1. முதலில் அளவுகளை எழுதி வையுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் ஐந்து விஷயங்கள் இருக்க வேண்டும்.

மதர்போர்டின், அதாவது எல்லா பாகங்களும் மாட்டும் பெரிய போர்டின், வகை. ஏடிஎக்ஸ் என்றால் 305 × 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் என்றால் 244 × 244, மினி ஐடிஎக்ஸ் என்றால் 170 × 170. பெரிய கேபினட்டில் சின்ன போர்டு உட்காரும்; திருப்பிச் செய்ய முடியாது.

கிராபிக்ஸ் கார்டின் நீளம். மூன்று ஃபேன் வைத்த கார்டுகள் பல 300 மி.மீ. தாண்டும். கேபினட் பெட்டியில் போட்டிருக்கும் அளவு, முன்பக்க ஃபேன் இல்லாமல் எடுத்ததாகவும் இருக்கலாம். ஒரு ஃபேனின் தடிமன் 25 மி.மீ. அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு தம்பியின் கார்டு கேபினட்டுக்குள் போகாததற்கு இந்த 25 மி.மீ. தான் காரணம்.

சிபியூ கூலரின் உயரம். சிபியூ என்பது மதர்போர்டில் உட்காரும் முக்கியச் சிப், கூலர் அதன் சூட்டைத் தணிப்பது. கோபுரம் மாதிரி நிற்கும் கூலர்கள் பெரும்பாலும் 150 முதல் 165 மி.மீ. வரை இருக்கும். இரண்டு மி.மீ. போதாவிட்டாலும் பக்கக் கதவு மூடாது. அழுத்தி மூடினால் கண்ணாடி நொறுங்கலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸின், அதாவது எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டியின், நீளம். சாதாரணமாக 140 முதல் 160 மி.மீ. அதிலிருந்து வெளிவரும் ஒயர்கள் வளைந்து திரும்ப இன்னும் ஐந்து செ.மீ. விடுங்கள்.

ஐந்தாவது, மொத்த வாட். சிபியூவும் கிராபிக்ஸ் கார்டும் முழு வேலை செய்யும்போது எடுக்கும் வாட்டைக் கூட்டி எழுதுங்கள். 65 வாட் சிபியூ மட்டும் வைத்து டேலியும் தட்டச்சும் செய்யும் கம்ப்யூட்டருக்கு இந்த வழிகாட்டியில் பாதி தேவையே இல்லை. நல்ல இரும்பில் செய்த, ஒரு ஃபேன் வைத்த எந்த கேபினட்டும் போதும். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களும் விளையாடுகிறவர்களும் 300, 400 வாட் தொடுவார்கள். அவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

இதோடு ஒரு வேலை: வீட்டு பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துவிடுங்கள். எர்த் இல்லாத லைனில் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கசியும் சிறு மின்சாரம் கேபினட் இரும்பில் வந்து நிற்கும். தொட்டால் சுரீர் என்று இருக்கும். பழைய வீடுகளில், அதுவும் மழைக்கால ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றால், நன்றாகவே தெரியும். "கேபினட் ஷாக் அடிக்குது" என்று கடையில் மாற்றிக் கேட்டவர்களை எனக்குத் தெரியும். மாற்றி வந்த கேபினட்டும் அடித்தது.

2. மலைக் காற்றின் கணக்கு

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வந்து சேரும்போது பலூன் மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. அதே மெல்லிய காற்றைத்தான் உங்கள் ஃபேனும் தள்ளப் போகிறது.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கோவை சுமார் 400 மீட்டர். இரண்டு ஊரின் வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒரே கன அடி ஊட்டிக் காற்றில் கோவைக் காற்றைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு எடை குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றும், அதே கன அளவைத் தள்ளும், ஆனால் அந்தக் காற்று சுமந்து செல்லும் சூடு குறைவு.

எண்ணில் சொன்னால்: 400 வாட் சூட்டை, உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 10 டிகிரி வித்தியாசத்தில் வெளியேற்றக் கோவையில் நிமிடத்துக்குச் சுமார் 75 கன அடி காற்று போதும். ஊட்டியில் சுமார் 90 வேண்டும்.

"அதான் இங்கே குளிருதே" என்று உடனே கேட்பார்கள். உண்மைதான், ஆனால் குளிரின் லாபம் நினைப்பதைவிடச் சிறியது. கோவை அறை 34 டிகிரி, ஊட்டி அறை 22 என்று வைத்துக்கொள்வோம். கோவையில் சிபியூ அறையைவிட 45 டிகிரி ஏறினால் 79. மெல்லிய காற்றால் ஊட்டியில் அதே ஏற்றம் 54 வரை போகலாம், மொத்தம் 76. மூன்றே டிகிரி லாபம். இப்போது காற்றே புகாத கேபினட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோவையில் 60 டிகிரி ஏறி 94-இல் நிற்கும். ஊட்டியில் அந்த ஏற்றம் 72 ஆகி, அங்கும் 94 தான்! பன்னிரண்டு டிகிரி குளிர் எங்கே போனதென்றே தெரியாது.

இது மோசமான நிலையை வைத்துப் போட்ட கணக்கு. நடைமுறையில் மலைக்குக் கொஞ்சம் கூடுதல் சாதகம் இருக்கும். ஆனால் கேபினட் எவ்வளவுக்கு எவ்வளவு மூச்சு முட்டுகிறதோ, மலைக் குளிரின் பயன் அவ்வளவுக்கு அவ்வளவு கரைந்துபோகும். "குளிர் ஊர்தானே, எந்த கேபினட்டும் ஓடும்" என்ற பேச்சு இங்கேதான் உடைகிறது.

3. கேபினட்டுக்கு முன் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

இடம் தெரியாமல் கேபினட் வாங்கினால், எந்தப் பக்கம் காற்று இழுக்க வேண்டும் என்பதே தெரியாது.

மலை வீடுகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு, தரை விரிப்பு. குளிருக்காகத் தடிமனான கார்பெட் போட்டு, அதன் மேலேயே கேபினட்டை வைத்திருப்பார்கள். இன்றைய கேபினட்டுகளில் எஸ்எம்பிஎஸ் அடியில் இருக்கிறது. அடிப்பக்கத் துளை வழியாகக் காற்றை இழுக்கிறது. கார்பெட் அந்தத் துளையை மூடிவிடும். எஸ்எம்பிஎஸ் ஃபேன் ஓலமிடும். வீட்டுக்காரர் கேபினட் ஃபேனைக் குறை சொல்வார். ஒரு பலகையை அடியில் வைத்தால் முடிந்தது. கால்கள் இரண்டு செ.மீ.க்குக் குறைவாக உள்ள கேபினட் வேண்டாம் என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கதவு வைத்த கம்ப்யூட்டர் மேசை. அந்தக் கதவுக்குப் பின்னால் கேபினட்டைத் தள்ளிவிட்டால் வெளியே போன சூடான காற்றையே மறுபடி இழுக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேபினட்டானாலும் உதவாது. பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவராக இருந்தால் இன்னும் தள்ளி வையுங்கள்.

விறகடுப்பு, ரூம் ஹீட்டர், கெட்டில் மூன்றும் பக்கத்தில் வேண்டாம். புகையில் இருக்கும் பிசுக்கு தூசியை ஃபேன் இறக்கையில் ஒட்டவைக்கும். கேஸில் எரியும் ஹீட்டர் சூட்டோடு நீராவியையும் அறைக்குள் விடுகிறது.

இனி சத்தம். சமவெளியில் இருப்பவர்கள் வீட்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் கம்ப்யூட்டர் சத்தம் மறைந்துவிடும். நம் வீடுகளில் பலவற்றில் கூரை மின்விசிறியே கிடையாது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தெருவில் நாய் குரைத்தால்தான் சத்தம். கோவைக் கடையில் "சத்தமே இல்லை சார்" என்று சொல்லப்பட்ட கேபினட் இங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் மிக்ஸி மாதிரி கேட்கும். தகரக் கூரை வீட்டுக்காரர்களுக்கு ஜூலை, ஆகஸ்டில் மட்டும் இந்தக் கவலை இல்லை. மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

காதுக்கும் கேபினட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். மேசை மேல், காதருகில் இருக்கப் போகிறதென்றால் ஃபேனுக்குப் பணம் ஒதுக்குங்கள். ஒன்றரை மீட்டர் தள்ளி, கீழே இருக்குமென்றால் அந்தப் பணம் மிச்சம்.

4. முன்பக்கம் எப்படி இருக்க வேண்டும்

கேபினட்டில் விலையைவிட, பிராண்டைவிட முக்கியம் முன்பக்கம்தான். காற்று அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது.

மூன்று வகை இருக்கும். முழுக்க மெஷ், அதாவது காற்று நுழையும் சிறு துளைகள் நிறைந்த வலைத் தகடு. முழுக்கக் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக், ஓரத்தில் மட்டும் ஒரு கோடு மாதிரி இடைவெளி. மூன்றாவது, உட்புறம் பஞ்சு ஒட்டிய மூடிய கதவு. "சைலண்ட்" என்று விற்பார்கள்.

புதிதாக வாங்குபவர்கள் அமைதி வேண்டுமென்று மூன்றாவதைத் தேடுகிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது: மூடினால் சத்தம் வராது. ஆனால் மூடினால் காற்றும் வராது. காற்று வராவிட்டால் சிபியூ கூலரும் கிராபிக்ஸ் கார்டும் தங்கள் ஃபேனை விரட்ட ஆரம்பிக்கும். பஞ்சு அடக்கிய சத்தத்தைவிட ஃபேன்கள் கூட்டிய சத்தம் அதிகமாகிவிடும். 65 வாட் கம்ப்யூட்டருக்கு மூடிய கேபினட் உண்மையிலேயே நல்ல தேர்வு. 300 வாட்டுக்கு மேல் மெஷ்தான். திறந்த கேபினட்டில் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் போதும். அமைதி அங்கிருந்து வருகிறது.

ஒரு சோதனை சொல்கிறேன். குன்னூரில் கல்யாண ஆல்பம் செய்யும் நண்பர் ஒருவர் புது ஃபேன் நான்கு வாங்கலாமா என்று கேட்டார். முன்பக்கம் கண்ணாடி. அதை அப்படியே கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதே வீடியோவை மறுபடி ஏற்றுமதி செய்யச் சொன்னேன். சிபியூ சூடு பத்து டிகிரிக்கு மேல் இறங்கியது. ஃபேன் வாங்கும் யோசனையைக் கைவிட்டார். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. ஏற்கெனவே கேபினட் வைத்திருப்பவர்கள் புதிது வாங்கும் முன் கட்டாயம் செய்து பாருங்கள். கழற்றியதும் மூன்று டிகிரிக்குள்தான் இறங்குகிறது என்றால் உங்கள் பிரச்சினை கேபினட்டில் இல்லை. கூலரில் அல்லது சிபியூவுக்கும் கூலருக்கும் நடுவே தடவிய, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டில்.

மெஷ் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். வெளியே அழகான மெஷ், அதற்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதற்குப் பின்னால் இன்னொரு நைலான் வலை என்று மூன்று அடுக்கு வைத்த கேபினட்டுகள் உண்டு. கடையில் போன் டார்ச்சை முன்பக்கத்துக்கு வெளியே பிடித்து, உள்ளேயிருந்து பாருங்கள். வெளிச்சம் தாராளமாக வந்தால் காற்றும் வரும். மங்கலாகத் தெரிந்தால் அடுத்ததைப் பாருங்கள்.

மேல்பக்கத் துளைகளுக்கும் இது பொருந்தும், ஒரு சங்கடத்தோடு: மலை வீட்டில் மேல்பக்கம் பூனையின் படுக்கை. சூடான காற்று வரும் இடம் அதற்கு நன்றாகத் தெரியும். பூனை இருக்கும் வீடென்றால் பின்பக்க ஃபேன் ஒன்று மட்டும் தனியாகவே சூட்டைத் தள்ளும்படி திட்டமிடுங்கள். மேல்பக்கத்தை நம்ப வேண்டாம்.

5. ஃபேன்: எத்தனை, எந்த அளவு, எந்த பின்

முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. 400 வாட் வரைக்கும் இதுவே போதும். ஏழு ஃபேன் வைக்க இடமிருக்கிறது என்பதால் ஏழு வைக்க வேண்டியதில்லை.

உள்ளே தள்ளும் காற்று வெளியே இழுக்கும் காற்றைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கட்டும். அப்போதுதான் தூசி தடுக்கும் வலை வழியாக மட்டும் காற்று நுழையும். மற்ற இடுக்குகளில் காற்று வெளியேதான் போகும். வெளியே இழுப்பது அதிகமானால் ஒவ்வொரு இடுக்கும் தூசி நுழையும் வாசல்.

ஃபேனின் பெட்டியில் 60 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 60 கன அடி) என்று போட்டிருந்தால், எதிரில் தடை எதுவும் இல்லாமல் அளந்த எண் அது. மெஷ், வலை, ஒயர் எல்லாம் தாண்டினால் பாதி கிடைத்தாலே நல்லது. முன்னால் இரண்டில் 60 கன அடி வந்தால், இரண்டாம் படியில் 90 கன அடிக்குச் சொன்ன 10 டிகிரி வித்தியாசம் 15 ஆகும். அதைத் தாங்கலாம்.

சத்தத்தின் கணக்கு கொஞ்சம் விசித்திரமானது. ஒருமுறை புரிந்துகொண்டால் பணம் மிச்சமாகும். ஒரே மாதிரி இரண்டு ஃபேன் ஓடினால் ஒன்றைவிட 3 டெசிபல்தான் கூடும். ஆனால் ஒரு ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சுமார் 15 டெசிபல் இறங்கும். அதாவது ஒரு ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடுவதற்குப் பதிலாக இரண்டை அரை வேகத்தில் ஓடவிட்டால், ஏறக்குறைய அதே காற்று, 12 டெசிபல் குறைந்த சத்தம். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதிச் சத்தம் மாதிரி இருக்கும். முன்னால் இரண்டு என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

120 மி.மீ.யா, 140 மி.மீ.யா? 140-இன் பரப்பு 36 சதவீதம் அதிகம். மெதுவாகச் சுற்றி அதே காற்றைத் தரும். கேபினட்டில் இடமிருந்தால் முன்னால் 140 வையுங்கள். ஆனால் 120 தான் எந்தக் கடையிலும் கிடைக்கும். திடீரென்று ஒன்று பழுதானால் மலை இறங்காமல் மாற்றலாம். எனக்கு அந்த வசதி முக்கியம். பின்பக்கத்துக்கு நான் எப்போதும் 120 தான்.

இப்போது பின், அதாவது ஒயர் முனையில் எத்தனை துளை என்பது. ஃபேனின் ஒயர் முனையைக் கட்டாயம் பாருங்கள். 4 பின் இருந்தால் மதர்போர்டு வேகத்தைத் துல்லியமாகக் கூட்டிக் குறைக்கும். 3 பின் என்றால் மின்னழுத்தத்தைக் குறைத்து வேகத்தைக் குறைக்கலாம், அதுவும் பரவாயில்லை. எஸ்எம்பிஎஸ்ஸில் நேராகச் செருகும் பெரிய மோலெக்ஸ் முனை என்றால் எந்நேரமும் முழு வேகம்தான், ராத்திரி இரண்டு மணிக்கும்.

மலிவான ஆர்ஜிபி (நிறம் மாறும் விளக்கு வைத்த) கேபினட்டுகளில் இன்னொரு பொறி: ஆறு பின் வைத்த, அந்த கேபினட்டோடு வரும் இணைப்புப் பலகையான ஹப்பில் மட்டுமே சேரும் ஃபேன்கள். நிறத்தை ரிமோட்டில் மாற்றலாம், வேகத்தை மாற்ற முடியாது. அந்த மூன்று ஃபேனையும் கழற்றி எறிந்துவிட்டு வேறு வாங்க வேண்டியிருக்கும். என் வீட்டு அட்டத்தில் அப்படிப்பட்ட ஃபேன்கள் ஒரு டஜன் கிடக்கின்றன. சாரல் நாளில் சாக்ஸ் காயவைக்கத்தான் ஒன்று பயன்பட்டது.

பேரிங் பற்றிச் சுருக்கமாக: ஸ்லீவ் பேரிங் ஃபேனைப் படுக்கைவாட்டில், அதாவது மேல்பக்கத்தில் மாட்டினால் சீக்கிரம் தேய்ந்து கரகரக்கும். ஃப்ளூயிட் டைனமிக் பேரிங் என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

சிபியூவைத் தண்ணீரால் குளிர்விக்கும் வாட்டர் கூலர் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: இந்தக் குளிரில், இந்த அமைதியில், பம்பின் முனகல்தான் முதலில் காதில் விழும். நல்ல காற்றுக் கூலர் போதும்.

6. ஈரத்துக்கு ஏற்ற கேபினட்

கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை அடித்து ஊற்றும். தேவாலா அதற்குப் பேர்போனது. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு. எந்தப் பக்கம் இருந்தாலும் வருடத்தில் சில மாதம் துணி காயாத நாட்கள்தான்.

பெயின்ட்டைப் பாருங்கள். வெளிப்பக்கம் எல்லாருமே நன்றாக அடித்திருப்பார்கள். உள்ளே, வெட்டிய ஓரங்களில், துளைகளின் விளிம்பில் இரும்பு வெறுமையாகத் தெரிகிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். துரு அங்கேதான் தொடங்கும். வாங்கிய பிறகு பார்த்தவர்கள் அந்த இடங்களில் நெயில் பாலிஷ் தடவலாம். நகைச்சுவையாகத் தோன்றினாலும் நன்றாக வேலை செய்கிறது.

தகட்டை இரு கையால் லேசாக முறுக்கிப் பாருங்கள். மெல்லிய தகடு வளையும், பின்னால் ஃபேன் அதிர்வில் கிணுகிணு என்று பாடும். ஹார்டு டிஸ்க் வைப்பவர்கள், அது உட்காரும் தட்டில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மெல்லிய உறுமல் அமைதியான அறையில் ஃபேனைவிட எரிச்சலூட்டும்.

வலை கழற்றிக் கழுவும்படி இருக்க வேண்டும். முன்பக்க வலையை எடுக்க ஒரு கை இழுப்பு போதும் என்றால்தான் கழுவுவீர்கள். கேபினட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து எட்டு ஸ்க்ரூ கழற்ற வேண்டுமென்றால் கழுவ மாட்டீர்கள், நானும் மாட்டேன். தேயிலைத் தொழிற்சாலைக்கு அருகில் வீடு இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே காற்றில் வரும் தேயிலைப் பஞ்சு வலையில் கம்பளி மாதிரி படியும்.

பின்பக்கத்தில் பயன்படுத்தாத இடங்களுக்கெல்லாம் மூடித் தகடு இருக்க வேண்டும். ஒருமுறை உடைத்தால் திரும்ப மாட்ட முடியாத தகடு வேண்டாம். கதகதப்பைத் தேடிப் பல்லி உள்ளே போகும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் போனால் பல்லிக்கும் முடிவு, எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் முடிவு.

சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே போடுகிறவர்கள் உண்டு. காற்று ஓடும் பெட்டியில் அது ஓரிரு நாளில் ஈரத்தைக் குடித்து முடித்துவிடும். பிளாஸ்டிக் உறை போடுவதும் தவறு. ஈரம் உள்ளேயே தங்கும். மெல்லிய துணி போதும், அதுவும் அணைத்த பிறகு. மழைக்காலத்தில் தினமும் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரை ஓடவிடுவதே நல்ல மருந்து. ஓடும் கம்ப்யூட்டரின் உள்ளே வெளியைவிடச் சூடு அதிகம். அங்கே நீர் படியாது.

7. செலவை முழுதாகக் கூட்டுங்கள்

கேபினட்டின் விலைச் சீட்டைப் பார்த்து ஒப்பிடாதீர்கள். கேபினட், கூடுதல் ஃபேன், மலைக்குக் கொண்டுவரும் கூலி மூன்றையும் கூட்டிய எண்ணை ஒப்பிடுங்கள்.

நான் கடைசியாகப் பார்த்தபோது ஒரு நல்ல 4 பின் ஃபேன் 600 முதல் 900 ரூபாய். 2,500 ரூபாய்க்கு ஒரே ஃபேன் வைத்த கேபினட் வாங்கி மேலும் இரண்டு சேர்த்தால் 4,000 வந்துவிடும். அதே 4,000-இல் மூன்று நல்ல ஃபேனோடு மெஷ் கேபினட்டே கிடைக்கலாம். ஆறு பின் ஆர்ஜிபி ஃபேனைப் பூஜ்யம் என்றே மதிப்பிடுங்கள்.

நடுத்தர கம்ப்யூட்டருக்கு 3,500 முதல் 5,500 ரூபாய் வரை நியாயமான வரம்பு என்பது என் கணிப்பு. அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் அழகுக்கும் மாட்டும் வசதிக்கும் போகிறது. அழகு வேண்டாம் என்று சொல்லவில்லை. குளிர்ச்சிக்காகக் கொடுக்கிறோம் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். பட்ஜெட் இடித்தால் கண்ணாடிப் பக்கத்தை விட்டு இரும்புப் பக்கம் எடுங்கள். மலைப்பாதையில் அது உடையாது என்பது கூடுதல் லாபம்.

8. மலைக்குக் கொண்டு வருவது

நீலகிரிக்காரர்கள் கோவைக்கும், கொடைக்கானல்காரர்கள் மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்கிப் போய் வாங்கலாம். தட்டிப் பார்த்து, டார்ச் அடித்துப் பார்த்து வாங்க அதுதான் வழி. ஆன்லைனில் வாங்கினால், பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். உடைந்த கண்ணாடிக்கு மாற்று கேட்க அது தேவைப்படும்.

கடையிலேயே எல்லாம் மாட்டி ஏற்றிவரலாம் என்று ஆசைப்படாதீர்கள். கனமான கிராபிக்ஸ் கார்டும் கோபுரக் கூலரும் மாட்டிய நிலையில் கொண்டை ஊசி வளைவுகளில் ஆடி வந்தால் கார்டு செருகியிருக்கும் மதர்போர்டின் ஸ்லாட் தாங்காது. நான் ஒருமுறை அப்படி ஏற்றி, குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டும் முன்பே உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டது. கார்டைத் தனியாக அதன் பெட்டியில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கேபினட்டை அதன் தெர்மாகோலோடு, பெட்டியில் அம்புக்குறி காட்டும் பக்கம் மேலே இருக்க வையுங்கள்.

கண்ணாடியைக் கழற்றினால் தரையில் வைக்காதீர்கள். அதன் நடுப்பகுதி தட்டினாலும் தாங்கும். மூலை டைல்ஸில் இடித்தால் மொத்தமும் பொடிப்பொடியாகும். கட்டில் மெத்தைதான் அதற்கு இடம்.

சர்வீஸுக்காகக் குளிர்ந்த கம்ப்யூட்டரைக் கீழே கொண்டுபோனால், போனதும் போடாதீர்கள். குளிர்ந்த இரும்பின் மேல் சமவெளியின் சூடான ஈரக் காற்று பட்டால் நீர்த்துளி படியும். பெட்டியைப் பிரிக்காமல் மூன்று மணி நேரம் விடுங்கள். உறைபனி விழும் ஜனவரி காலையில், குளிர்ந்து கிடக்கும் அறையில் கேஸ் ஹீட்டரைப் போட்ட கையோடு கம்ப்யூட்டரைப் போடுவதும் இதே கதைதான்.

9. மாட்டிய பிறகு காதால் சரிசெய்யுங்கள்

முதலில் பயாஸில் (கம்ப்யூட்டரைப் போட்டதும் திறக்கக்கூடிய மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) எல்லா ஃபேனையும் முழு வேகத்தில் வைத்து, சிபியூவுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் அரை மணி நேரம் முழு வேலை கொடுங்கள். அந்தச் சூட்டை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கேபினட் தரக்கூடிய சிறந்த நிலை அது.

பிறகு வேகத்தைப் பத்துப் பத்து சதவீதமாக இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் காத்திருந்து சூட்டைப் பாருங்கள். ஒரு கட்டம் வரை சூடு ஓரிரு டிகிரிதான் ஏறும், சத்தம் மளமளவென்று இறங்கும். சூடு திடீரென்று தாவும் இடம் வந்ததும் ஒரு படி மேலே போய் நிறுத்துங்கள். இதை ராத்திரியில் செய்யுங்கள். பகலில் காது ஏமாற்றும்.

ஏதாவது ஒரு வேகத்தில் மட்டும் கேபினட் உறுமினால் தகடும் ஃபேனும் சேர்ந்து அதிர்கின்றன என்று பொருள். பக்கத் தகடை விரலால் அழுத்துங்கள். நின்றால் அந்த இடத்தில் ஒரு ரப்பர் துண்டு. நிற்காவிட்டால் பயாஸில் எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்று காட்டும் ஃபேன் வரைகோட்டை அந்த வேகத்தைத் தாண்டும்படி மாற்றுங்கள்.

ஃபேன் வேகம் மாறுவதற்கான தாமதத்தைச் சில வினாடிகள் கூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் பிரவுசர் திறக்கும்போதெல்லாம் உய்ங் என்று ஏறி இறங்கும். ஒரே சீராக ஓடும் சத்தத்துக்குக் காது பழகிவிடும். ஏறி இறங்குவதற்குப் பழகாது.

மே மாதத்தில் ஒருமுறை இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஜனவரியில் சரிசெய்த வேகம் மே பகலுக்குப் போதாமல் போகலாம்.

வலையை மழை தொடங்கும் முன் ஒருமுறையும் முடிந்த பின் ஒருமுறையும் கழுவுங்கள். முழுதாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். ஜூலையில் வெயிலுக்குக் காத்திருந்தால் வாரம் ஓடிவிடும். அடுப்படியில், தீயிலிருந்து நாலடி தள்ளிக் கொடியில் தொங்கவிட்டால் மறுநாள் காய்ந்திருக்கும்.